அடுப்பை மாற்றச் சொன்னவர்களும் அடுப்பருகே இருந்தவர்களும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

ஆய்வு மாணவராக நான் வாழும் வட இந்திய நகரில், எங்கள் விடுதி உணவகத்தின் வாசலில் சென்ற ஆண்டு ஒரு வெண்பலகை வைக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் குவளையில் இனித் தேநீர் அருந்துவதில்லை என்பது உறுதிமொழி. நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டோம். முதல் வாரம் எல்லோர் கையிலும் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. மூன்றாம் வாரம் பாதிப் பேர் கையில் இருந்தது. ஆறாம் வாரம், நூலகத்துக்கு விரைந்துகொண்டிருந்த ஒரு காலையில், நானும் காகிதக் குவளையை வாங்கினேன். அப்போது அருகில் நின்ற நண்பர் சிரித்துக்கொண்டே, "பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. இந்திய வீடுகளின் சமையல் எரிபொருள் வரலாறே என் ஆய்வுப் பொருள். விறகடுப்பைக் கைவிடாத கிராமப்புறப் பெண்களைப் பற்றிய எழுத்துகளில் நான் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் விளக்கம் இதுவே: பழக்கம், அறியாமை, மாற்றத்தை ஏற்க மறுக்கும் மனம். பிறரைப் பற்றி எழுதப்பட்டபோது ஐயத்துடன் வாசித்த ஒரு விளக்கத்தை, என்னைப் பற்றிச் சொல்லப்பட்டபோது தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். ஏன் என்ற கேள்வியே இந்தப் பதிவு.

அடுப்பின் கதையை வார்தாவிலிருந்து தொடங்கலாம். 1934 டிசம்பரில் காந்தியின் முயற்சியால் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் நிறுவப்பட்டது. அதன் செயலாளர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றவர். வார்தாவின் மகன்வாடி வளாகத்தில் அவரும் தோழர்களும் செக்கு, கைக்காகிதம், தாவர எண்ணெயில் எரியும் விளக்கு எனப் பல கருவிகளைச் சீர்திருத்தினர். புகையைக் குறைக்கும் ‘மகன் சூல்ஹா’ என்ற மண் அடுப்பு 1940களில் அங்கிருந்து வந்தது.

ஜபல்பூர் சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூலில், இயற்கையின் செல்வத்தைக் குமரப்பா இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை அளவுள்ள இருப்பு; எடுக்க எடுக்கத் தீரும். ஆற்று நீரும் வளரும் மரமும் ஓட்டம் போன்றவை. ஓட்டத்தின் அளவுக்குள் வாழ்ந்தால் அவை நிலைக்கும். இன்று நாம் நீடித்த வாழ்வு என்று பேசுவதன் அடிப்படை இதுவே. அவருடைய மற்றொரு கருத்து இன்னும் கடுமையானது. ஒரு பொருளை வாங்குபவர், அது உருவான முறைக்கும் பொறுப்பாளி ஆகிறார். உழைப்பைச் சுரண்டி உருவான பொருள் என்றால் அந்தச் சுரண்டலில் அவருக்கும் பங்குண்டு.

இதைத் தனிமனித ஒழுக்கம் பற்றிய அறிவுரையாக மட்டும் வாசிப்பவர்கள், அவர் இதிலிருந்து எடுத்த முடிவைத் தவறவிடுகிறார்கள். பொறுப்பு சுமக்கப்பட வேண்டுமானால், பொருளைச் செய்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியும் அளவுக்கு வட்டம் சிறிதாக இருக்க வேண்டும் என்றார் குமரப்பா. அதனால்தான் அவர் கிராமத் தொழிலை வலியுறுத்தினார். கண்ணுக்கெட்டாத தொலைவில் நடப்பதற்குப் பொறுப்பேற்கச் சொல்வது வீண் என்பது அவர் கணக்கு. இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் இதற்குத் திரும்புவேன்.

அடுத்த கட்டம் ஹைதராபாத். அங்குள்ள பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு ஒரு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். அதை விளக்கும் அவருடைய நூல் 1953இல் சென்னையில் வெளியானது. மூடிய மண் உடல், ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திர வாய்கள், காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடு, கூரைக்கு மேல் எழும் புகைபோக்கி. புகை, கரி, வெக்கை, விரயம், தீ விபத்து ஆகிய ஐந்திலிருந்தும் பெண்களுக்கு விடுதலை என்று ராஜு அறிவித்தார். விடுதலை பெற்ற நாட்டின் மொழி அது. அடுக்களைக்கும் சுதந்திரம் வரவேண்டும் என்று ஒரு பொறியாளர் எண்ணியது சிறிய செயல் அன்று.

ஆயினும் அடுப்பு பரவவில்லை. காரணங்களைத் தேடினால் அவை மிக எளியவை. மூடிய அடுப்பின் வாய் சிறிது. விறகைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு வலுவும் நேரமும் கோடரியும் வேண்டும். திறந்த அடுப்பில் நீண்ட கிளையை அப்படியே வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளினால் போதும். புகைபோக்கியில் கரி அடையும். யாராவது கூரையேறிச் சுத்தம் செய்ய வேண்டும். தகடு துருப்பிடித்தால் மாற்றுத் தகடு ஊர்ச் சந்தையில் கிடையாது. பாத்திரத்தின் அளவு வாய்க்குப் பொருந்தாவிட்டால் புகை அறைக்குள்ளேயே வரும். நம் ஊர்க் கொடியடுப்பை அறிந்தவர்களுக்கு இரண்டாம் வாயின் இயல்பு தெரியும்: அது சோற்றைச் சூடாக வைத்திருக்கும்; குழம்பைக் கொதிக்கவைக்கத் திணறும். பின்னாளில் நடந்த சோதனைகளில், இத்தகைய பல அடுப்புகள் சேமித்த விறகின் அளவு வாக்களித்ததைவிட மிகக் குறைவு என்று தெரியவந்தது. அடுப்பருகே இருந்தவர்கள் அதைச் சோதனைக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

1970களில் அடுப்பின் பொருள் மாறியது. உலகம் எண்ணெய் நெருக்கடியைப் பற்றிப் பேசியபோது, ஏழை நாடுகளின் நெருக்கடி விறகுதான் என்று எரிக் எக்ஹோம் 1975இல் எழுதினார். அதன்பின், காடழிவுக்கான பழியின் ஒரு பங்கு அடுப்பெரிக்கும் பெண்ணின் தலையில் ஏறியது. விறகைக் குறைவாக எரித்தால் காடு பிழைக்கும் என்பது தர்க்கம். ஆனால் கிராமப்புற வீடுகளில் எரிந்தவற்றில் பெரும்பகுதி சுள்ளியும் பயிர்த் தாளும் வறட்டியும். அவற்றுக்காக யாரும் காட்டு மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை. வேளாண் விரிவாக்கம், அணைகள், வணிக மரவெட்டு ஆகியவற்றின் கணக்கு தனியே இருந்தது. 1986இல் வெளிவந்த தம் நூலில் பீனா அகர்வால் சிக்கலின் மற்றொரு முனையைக் காட்டினார். விறகு தேடி நடப்பவரும் புகையை உண்பவரும் பெண். வீட்டின் பணத்தைச் செலவிடும் முடிவோ பெரும்பாலும் ஆணிடம். நன்மை ஒருவருக்கும் முடிவு மற்றொருவருக்கும் உரியதாக இருக்கும்போது, நல்ல கருவியும் வாசலிலேயே நின்றுவிடும்.

இதே காலத்தில் இரண்டு சிறு முயற்சிகள் வேறு பாதையில் சென்றன. இரண்டும் என் ஆய்வில் நான் அடிக்கடி திரும்பும் இடங்கள்.

ஒன்று, சண்டிகருக்கு அருகே சிவாலிக் அடிவாரத்திலுள்ள நாடா என்னும் சிற்றூர். கட்டடக் கலைஞரான மது சரின் 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள பெண்களுடன் சேர்ந்து புகைபோக்கி அடுப்பை மாற்றியமைத்தார். வீட்டுக்கு வீடு பாத்திரம் வேறு, குடும்பத்தின் அளவு வேறு, உட்காரும் இடம் வேறு. எனவே அடுப்பும் வீட்டுக்கு வீடு வேறுபட்டது. அதைக் கட்டுவதற்கு ஊர்ப் பெண்களே கொத்தர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அடுப்பில் விரிசல் விழுந்தால் கூப்பிடும் தூரத்தில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருந்தார்.

மற்றொன்று, கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள புரா. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழு, அங்கே சாண எரிவாயுவைச் சமையலுக்குத் தர முயன்றது. ஊரின் சாணம் எல்லா வீட்டு அடுப்புக்கும் போதவில்லை, திட்டம் தோற்றது. ஆய்வாளர்கள் ஊரைக் குறை சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர்கள் ஊரின் தேவையிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். ஊருக்கு முதலில் வேண்டியிருந்தது குடிநீர். 1987 முதல் அதே எரிவாயு ஒரு மின்னாக்கியை இயக்கியது; ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீரும் விளக்குக்கு மின்சாரமும் வந்தன. சாணம் கொண்டுவருவோருக்குச் சிறு கூலி. செரித்த சாணம் உரமாக அவரவர்க்கே திரும்பியது. ஒரு வீடு சாணம் தர மறுத்தால், அந்த வீட்டுக் குழாயும் சேர்ந்துதான் வறளும். பொதுச் சொத்து தன்னலத்தால் அழியும் என்ற புகழ்பெற்ற வாதத்துக்கு எதிராக, ரெட்டி இதைப் பொதுமையின் வரம் என்று அழைத்தார். ஊரார் திடீரென நல்லவர்கள் ஆகிவிடவில்லை. பொதுவுக்கு நல்லதைச் செய்வது தமக்கும் எளிதாகும்படி ஓர் அமைப்பு உருவானது.

இந்த இரண்டு பாடங்களையும் நாடு தழுவிய திட்டம் எவ்வளவு உள்வாங்கியது? 1983 இறுதியில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002இல் முடிவுக்கு வந்தபோது, ஏறத்தாழ 3.5 கோடி அடுப்புகள் நிறுவப்பட்டதாகக் கணக்கு. எண்ணிக்கை பெரிது. ஆனால் இலக்கு என்பது கட்டப்பட்ட அடுப்பு. எரிகின்ற அடுப்பு அன்று. கட்டுபவருக்குக் கட்டியதற்குக் கூலி உண்டு. அடுத்த ஆண்டு வந்து பார்ப்பதற்கு இல்லை. மண் அடுப்பின் ஆயுளோ ஓரிரு ஆண்டுகள். விரிசல் விட்டதும் பலர் பழைய அடுப்புக்குத் திரும்பினர். அறிக்கையில் அது பழக்கம் ஆயிற்று.

பிற்காலத்து ஆய்வு ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா ஆகியோர் ஒடிசாவின் 44 கிராமங்களில், ஏறத்தாழ 2,600 வீடுகளில், குலுக்கல் முறையில் மேம்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதலாண்டில் சமைப்போர் உள்ளிழுத்த புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பயன் மறைந்தது. நான்காண்டுக் கணக்கில் உடல்நலத்திலும் விறகுச் செலவிலும் மாற்றம் காணப்படவில்லை. அடுப்புகள் முறையாகப் பயன்படுத்தப்படவில்லை; பழுது பார்க்கப்படவும் இல்லை. புதிய பொருளை வாங்குவதோ பெறுவதோ ஒரு நாள் செயல். அதைப் பராமரிப்பது அன்றாட உழைப்பு. அந்த உழைப்பை யார் செய்வார், அவருடைய எந்த வேலை அதற்காகக் குறையும் என்ற கேள்வியைத் திட்டங்கள் கேட்பதில்லை.

அடுத்து எரிவாயு. 2015இல், வசதியுள்ளோர் தம் எரிவாயு மானியத்தைத் தாமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அரசு வேண்டியது. ஓராண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இணைப்பாளர்கள் விட்டுக்கொடுத்தார்கள். தனிமனிதர் தியாகம் செய்யமாட்டார் என்போர் இந்த எண்ணை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் செயல் எத்தகையது என்பதையும் கவனிக்க வேண்டும்: ஒரே ஒரு முறை; ஒரு குறுஞ்செய்தியில் முடியும்; விட்டுக்கொடுத்தவரின் அடுப்பு மறுநாளும் அதே போல எரியும். நாள்தோறும் மாறி வாழ வேண்டிய தேவை அதில் இல்லை.

2016 மே 1 அன்று பல்லியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழை வீட்டுப் பெண்ணின் பெயரில் இணைப்பு; 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள். இதைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது. தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள், தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015–16இல் 43.8 விழுக்காடு, 2019–21இல் 58.6 விழுக்காடு. ஆனால் கிராமப்புறத்தில் அது 43.2 விழுக்காடு மட்டுமே. இணைப்பு வந்த வீட்டிலும் விறகு நின்றுவிடவில்லை. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் கிராமங்களில் 2018இல் நடந்த ஆய்வில், உஜ்வலா பயனாளி வீடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு விறகும் வறட்டியும் எரித்துக்கொண்டுதான் இருந்தன. பயனாளிகள் சராசரியாக ஆண்டுக்கு மூன்றுக்குச் சற்று மேற்பட்ட உருளைகளே வாங்கினார்கள் என்று இந்தியத் தணிக்கைத் துறை 2019இல் குறிப்பிட்டது.

பழக்கத்துக்கு இங்கே பங்கே இல்லையா? உண்டு. விறகில் சுட்ட ரொட்டியே சுவை என்றும் உடலுக்கு நல்லது என்றும் அந்த ஆய்வில் பலர் சொன்னார்கள். அதை மறைத்து எழுதினால் என் வாதம் எளிதாகும், உண்மை குறையும். ஆனால் அதே வீடுகளில் விறகு காசின்றிக் கிடைத்தது. காசின்றி என்றால், பெண்ணின் நேரத்துக்கு விலை போடாதவரை. உருளைக்கோ கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். 2022 மே மாதம் தில்லியில் அதன் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. மேலும் வட இந்தியக் கிராமங்களில் பாலைச் சுண்டவைக்கவும் கால்நடைத் தீவனம் வேகவைக்கவும் ‘ஹாரா’ என்னும் வறட்டி அடுப்பு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்த வேலையை எரிவாயுவில் செய்தால் ஓர் உருளை எத்தனை நாள் வரும்? என் பாட்டி வீட்டிலும் முன்னறையில் எரிவாயு அடுப்பு இருந்தது. வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் கொல்லையில் விறகடுப்பு புகைந்தது. பாட்டிக்குப் புதுமையின்மேல் பகை ஏதும் இல்லை. எந்த வேலைக்கு எந்த நெருப்பு கட்டுப்படியாகும் என்ற கணக்கு இருந்தது.

ஆகவே, இந்த வரலாற்றிலிருந்து நான் சொல்லத் துணிவது ஒன்றே. பழக்கம் என்பது பல வேளைகளில் முதற்காரணம் அன்று. நேரம், காசு, பழுது பார்க்கும் கை, முடிவெடுக்கும் உரிமை ஆகிய நான்கும் ஒருவருக்கு எப்படி வாய்த்திருக்கின்றன என்பதன் விளைவு அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நான்கும் தெரிவதில்லை. திரும்பத் திரும்ப நிகழும் செயல் மட்டும் தெரிகிறது. அதற்குப் பழக்கம் என்று பெயரிட்டு, அறிவுரையோடு திரும்பிவிடுகிறார். நாடாவிலும் புராவிலும் அறிவுரை குறைவாக இருந்தது. இந்த நான்கில் ஒன்றிரண்டாவது மாறியது.

இனி என் காகிதக் குவளை. என் நான்கும் என்ன என்று எழுதிப் பார்த்தேன். டம்ளரைக் கழுவக் குழாயடியில் வரிசை நிற்க வேண்டும்; காலை வகுப்புக்கு முன் அந்த நேரம் இல்லை. உணவகத்தில் முன்பு கண்ணாடிக் குவளைகள் இருந்தன. அவை ஏன் போயின என்று பரிமாறுபவரிடம் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். பாத்திரம் கழுவ முன்பு மூவர் இருந்தார்கள், இப்போது ஒருவர். ஒப்பந்தம் மாறியபோது இருவர் நிறுத்தப்பட்டார்கள். எஞ்சிய அந்த அம்மையாரால் தட்டுகளோடு குவளைகளையும் கழுவி முடிக்க இயலாது. அதனால் காகிதக் குவளை வந்தது. எங்கள் வெண்பலகை இருந்த இடத்துக்கும் அவர் நின்று கழுவும் தொட்டிக்கும் இருபது அடி இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டோம். ஒருவரும் அந்த இருபது அடியைக் கடக்கவில்லை.

குமரப்பா சொன்ன சிறிய வட்டம் இதுதான் என்று நினைக்கிறேன். என் ஆய்வுக் காலத்தில் நான் பொறுப்பேற்கக்கூடிய தொலைவில் ஓர் உழைப்பாளர் இருந்தார். நானோ காட்டையும் கடலையும் எண்ணி உறுதிமொழி எடுத்தேன். உறுதிமொழி தோற்றதும் என் மனவலிமையைக் குறைகூறிக்கொண்டேன். அந்தத் தன்னிகழ்ச்சியில்கூட ஒரு வசதி இருந்தது: குற்றம் என்னுடையது என்று சொல்லிவிட்டால், ஒப்பந்தத்தைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

விடுதிக் குழுவின் அடுத்த கூட்டத்தில், கழுவும் பணிக்கு மேலும் ஒருவரை அமர்த்தவும் கண்ணாடிக் குவளைகளைத் திரும்பக் கொண்டுவரவும் நாங்கள் சிலர் விண்ணப்பம் வைத்திருக்கிறோம். அதற்காக உணவுக் கட்டணம் சிறிது உயரும். பலகையில் கையொப்பமிட்டவர்களில் எத்தனை பேர் இதிலும் கையொப்பமிடுவார்கள் என்று தெரியவில்லை. விண்ணப்பத்தை எழுதுமுன் அந்த அம்மையாரிடம் சென்று பேசினோம். குவளைகள் வரட்டும், ஆனால் வெந்நீர்க் குழாயும் வேண்டும். குளிர்காலத்தில் கை விறைத்துப்போகிறது என்றார். அது எங்கள் பட்டியலில் இல்லை. இப்போது முதல் வரியாக இருக்கிறது.

களப்பணிக்குச் செல்லும் இளைய ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குறிப்பேட்டில் ‘பழக்கம்’ என்ற சொல்லை எழுத நேரும்போதெல்லாம், அதன் பக்கத்தில் அந்த நான்கு கேள்விகளையும் எழுதிவையுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். இத்துறையில் பணியாற்றுவோரின் திருத்தங்களையும் மாற்றுக் கருத்துகளையும் வரவேற்கிறேன்.